தின்று தீர்க்கும் குமிழம், சேர்த்து வைக்கும் மரம்: டியூலிப்பும் நார்வே ஸ்ப்ரூசும்

கச்சேரி முடிந்து பெட்டிக்குள் போகக் காத்திருக்கும் வயலின் ஒன்றின் மேற்பலகையை அருகில் நின்று பார்த்தால், தந்திகளுக்கு இணையாக மேலிருந்து கீழ்வரை ஓடும் மெல்லிய கோடுகள் கண்ணில் படும். மில்லிமீட்டருக்கு ஒன்றோ இரண்டோ என்னும் கணக்கில் நெருக்கமாக ஓடும் அக்கோடுகள் மரத்திலேயே இருப்பவை. வார்னிஷ் பூசியவருக்கு அவற்றில் பங்கில்லை. வயலினின் மேற்பலகைக்கு மரபாகப் பயன்படும் மரம் ஸ்ப்ரூஸ். ஐரோப்பியக் கைவினைஞர்கள் நாடுவது அதில் நார்வே ஸ்ப்ரூஸ் என்னும் இனத்தை. ஒவ்வொரு கருங்கோடும் அந்த மரம் ஏதோ ஒரு குளிர்ந்த மலைச்சரிவில் கடந்துவந்த ஒரு கோடையின் முடிவைக் குறிக்கிறது. பொறுமையிருந்தால் எண்ணிப் பார்க்கலாம். ஒரு கையகலப் பலகையில் நூறு ஆண்டுகள் அடங்கியிருப்பது அரிதன்று.

டியூலிப் குமிழம் ஒன்றைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்தால் காண்பது வேறு. முதல் பார்வைக்கு அது சின்ன வெங்காயம் போலத்தான் இருக்கும். மேலே காய்ந்த பழுப்புத் தோல். உள்ளே வெண்மையாகச் சதைப்பற்றோடு ஒன்றையொன்று தழுவிநிற்கும் நான்கைந்து செதில்கள். அடியில் வேர்விடக் காத்திருக்கும் தட்டையான சிறு தண்டு. இலையுதிர்காலத்தில் பிளந்தால் நடுவே வெளிர்மஞ்சள் முளை ஒன்று இருக்கும். அந்த முளையின் நுனியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்தால், ஆறு இதழ்கள், ஆறு மகரந்தத்தாள்கள், முப்பட்டையான சூற்பை என ஒரு முழுப் பூவும் சில மில்லிமீட்டர் அளவில் ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டிருப்பது தெரியும். அடுத்த வசந்தத்துக்கான சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. சென்ற ஆண்டின் தடம் மட்டும் அநேகமாக எங்கும் இல்லை.

பூக்கும் குமிழச் செடி ஒன்றையும் ஊசியிலை மரம் ஒன்றையும் ஒப்பிடச் சொன்னால், பள்ளிப் பாடநூல் வழியில் வந்தவர்கள் உடனே ஓர் அட்டவணை போட்டுவிடுவார்கள்: இது மூடுவிதைத் தாவரம், அது திறந்தவிதைத் தாவரம், இதற்குப் பூ, அதற்குக் கூம்பு, இதற்குப் பூச்சி, அதற்குக் காற்று. இவற்றில் பிழையொன்றும் இல்லை. ஆனால் அந்த அட்டவணை இவ்விரு தாவரங்களும் எப்படி வாழ்கின்றன என்பதைச் சொல்வதில்லை. சென்ற ஆண்டு ஈட்டிய உடலை ஒரு தாவரம் இந்த ஆண்டு என்ன செய்கிறது என்று கேட்டால், டியூலிப்புக்கும் ஸ்ப்ரூசுக்கும் உள்ள வேறுபாடுகளில் பெரும்பாலானவை அந்த ஒரே கேள்வியின் கிளைகளாக விரியும் என்பது என் எண்ணம். டியூலிப் தன் பழைய உடலைத் தின்று தீர்த்துவிடுகிறது. ஸ்ப்ரூஸ் தன் பழைய உடலின் மேலேயே ஏறி நிற்கிறது.

இவ்விரண்டுக்கும் இன்றுள்ள அறிவியல் பெயர்களின் தொடக்கம் 1753-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் வெளியிட்ட ஒரே நூலில் இருக்கிறது. தோட்ட டியூலிப்புக்கு அவர் இட்ட டியூலிபா கெஸ்னெரியானா என்னும் பெயர், 1559-இல் ஆக்ஸ்பர்க் நகரத் தோட்டமொன்றில் அச்செடி பூத்ததைக் கண்டு எழுதிய ஸ்விஸ் அறிஞர் கான்ராட் கெஸ்னரை நினைவூட்டுகிறது. தம் ஊரைச் சுற்றிக் காடாக நின்ற ஸ்ப்ரூசையோ லின்னேயஸ் பைன் மரங்களோடு சேர்த்து பைனஸ் ஏபிஸ் என்றார். பிற்காலத்தவர் அதைத் தனிப் பேரினத்துக்கு மாற்றி பைசியா ஏபிஸ் ஆக்கினர்.

டியூலிப்பின் ஓராண்டை அக்டோபரில் தொடங்குவது வசதி. மண்ணில் நட்ட குமிழம் முதலில் வேரை மட்டும் விடுகிறது. மேலே பனி மூடும்போது உள்ளே செதில்களில் இருக்கும் மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாக மாறுகிறது. தண்டு நீள்வதற்கான வேதி ஆயத்தங்களும் அப்போதே நடக்கின்றன. ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் இந்தக் குளிர் தேவை. அது கிடைக்காவிட்டால் உள்ளே செய்து வைத்த பூ இருந்தும், அதை மேலே தூக்கிச் செல்லத் தண்டு வளராது. மொட்டு இலைகளுக்கிடையிலேயே கருகிவிடும். தட்பப்பதனம் என்று பாடநூல்கள் பொதுவாகச் சொல்வது விதைக்கோ இளஞ்செடிக்கோ குளிர் கொடுத்துப் பூக்கத் தூண்டுவதை. டியூலிப்பில் பூ முன்பே உருவாகிவிட்டது, குளிர் அதற்கு வழிதான் திறக்கிறது. சென்னை வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் மூன்று மாதம் வைத்து இதை ஏமாற்றிவிடலாம் என்று நான் ஒருமுறை முயன்றேன். பக்கத்தில் ஆப்பிள்கள் இருந்ததைப் பொருட்படுத்தவில்லை. பழுக்கும் ஆப்பிள் வெளிவிடும் எத்திலீன் வாயு குமிழத்துக்குள் இருக்கும் பூவைக் கொன்றுவிடும் என்பதை, தொட்டியில் இலைகள் மட்டும் செழிப்பாக வந்த பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன்.

வசந்தத்தில் பூ மலரும் வேளையில் தாய்க்குமிழத்தைத் தோண்டிப் பார்த்தால் அதன் செதில்கள் சுருங்கிச் சக்கையாகத் தொடங்கியிருக்கும். அச்செதில்களின் கக்கங்களில் இருந்த சிறு மொட்டுகள் இப்போது பருக்கின்றன. இலைகள் தயாரிக்கும் உணவு முழுவதும் இந்தச் சேய்க்குமிழங்களுக்குப் போகிறது. ஜூன் மாதம் இலைகள் மஞ்சளித்துச் சாயும்போது தாய்க்குமிழம் காகிதம் போன்ற உறையாக மட்டுமே எஞ்சியிருக்கும். நட்ட குமிழம் வேறு, எடுக்கும் குமிழம் வேறு. நார்சிசஸ் முதலிய சில குமிழச் செடிகளில் பழைய செதில்கள் சில ஆண்டுகள் நீடிக்கும். டியூலிப்பில் அந்தச் சலுகை இல்லை. வீட்டைப் பிரித்து அதன் செங்கல்லைக் கொண்டே பக்கத்தில் புதுவீடு கட்டும் குடும்பம் அது, ஆண்டுதோறும்.

நெதர்லாந்தில் குமிழத்துக்காகவே பயிரிடும் வயல்களில், பூ விரிந்து சில நாட்களில் இயந்திரத்தை ஓட்டிப் பூக்களின் தலைகளை மட்டும் கொய்து தள்ளிவிடுகிறார்கள். வண்ணப்பட்டைகளைப் படமெடுக்க வந்த சுற்றுலாப் பயணிகளுக்கு அது கொடுமையாகத் தெரியும். விவசாயிக்குப் பூ ஒரு செலவு. விதை பிடிக்க விட்டால் சேய்க்குமிழத்துக்குப் போக வேண்டிய உணவு அங்கே போய்விடும். இலைகள் தப்பினால் போதும் அவருக்கு.

ஒளிந்து வாழும் இந்தப் பழக்கம் ஐரோப்பாவின் பனியால் வந்ததென்று நினைத்துவிடக் கூடாது. காட்டு டியூலிப் இனங்கள் மிகுதியாக இருப்பது மத்திய ஆசியாவின் தியான்ஷான், பாமிர்-அலாய் மலைகளில். அங்கே குளிர்காலம் கடுமையானது. கோடையோ வறண்டு எரிப்பது. பனி உருகி மண் ஈரமாக இருக்கும் சில வாரங்களே ஆண்டின் நல்ல காலம். அந்தச் சில வாரங்களில் இலைவிட்டு, பூத்து, காய்த்து, அடுத்த ஆண்டுக்கான சேமிப்பையும் முடித்துக்கொண்டு மண்ணுக்குள் போய்விட வேண்டும். குளிருக்கு ஒளிவதைவிடக் கோடைக்கு ஒளிவதே டியூலிப்பின் முதற்கவலை. அடுத்த பூ உருவாவதும் மேலே ஒரு பச்சையும் இல்லாத அந்தக் கோடையில்தான். டியூலிப்போடு ஒரே தாவரவரிசையில் வைக்கப்படும் நம் செங்காந்தளும் இதையே வேறு பருவத்தில் செய்கிறது: அதற்கு நிலத்தடியில் இருப்பது குமிழம் அன்று, கிழங்கு, ஆயினும் வெயில் காலத்தில் கொடி அடியோடு மறைந்து, மழை விழுந்ததும் புதிதாக முளைத்தெழும்.

விதையிலிருந்து வரும் டியூலிப்பின் குழந்தைப் பருவம் விந்தையானது. முதல் சில ஆண்டுகள் ஒரே ஓர் இலைதான் விடும். ஒவ்வோர் ஆண்டும் அதன் சிறு குமிழம் குழாய் போன்ற ஓர் உறுப்பின் முனையில் ஏறிக்கொண்டு, சென்ற ஆண்டைவிடச் சற்று ஆழத்துக்கு இறங்கும். வெயிலும் எலிகளும் எளிதில் எட்டாத ஆழத்தை அடைந்து, பூவைத் தாங்கும் அளவுக்குப் பருக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். புதிய வகை ஒன்றைக் கலப்பினம் செய்து உருவாக்குவோர் பொறுமைசாலிகளாக இருக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

ஸ்ப்ரூஸ் ஒளிவதில்லை. ஆல்ப்ஸ், கார்பாத்தியன் மலைகளிலும், ஸ்காண்டிநேவியாவிலிருந்து ரஷ்யா வரையிலும், ஆறேழு மாதம் நிலம் உறைந்துகிடக்கும் இடங்களில் 40, 50 மீட்டர் உயரம் வரை அது நின்றபடியே குளிர்காலத்தைக் கடக்கிறது. நிற்பதற்கு அது கொடுக்கும் விலையும், அதற்காகச் செய்துகொண்டிருக்கும் ஏற்பாடுகளும் மரத்துக்குள்தான் இருக்கின்றன.

முதலாவது, நீர்க்குழாய். ஆல், அரசு, தேக்கு போன்ற பூக்கும் மரங்களில் நீரை மேலேற்றுவதற்கு அகன்ற சைலக் குழாய்கள் இருக்கின்றன. ஸ்ப்ரூசில் அவை இல்லை. டிரக்கீடுகள் என்னும் ஒடுங்கிய, இருமுனையும் மூடிய செல்களே உள்ளன. ஒரு டிரக்கீடின் நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர். அகலம் தலைமுடியைவிடக் குறைவு. நீர் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் பக்கச்சுவரிலுள்ள சிறு குழிகளின் வழியாகப் போக வேண்டும். வேகத்தில் இது மட்டமான ஏற்பாடுதான். ஆனால் நீர் உறைந்து உருகும்போது உண்டாகும் காற்றுக்குமிழிகள் அகன்ற குழாயை அடைத்துப் பயனற்றதாக்கிவிடும். ஒடுங்கிய டிரக்கீடில் குமிழி சிறியதாக இருப்பதால் மறுபடி நீரில் கரைந்துவிட வாய்ப்பு அதிகம். அப்படியும் ஒரு செல் காற்றால் நிரம்பிப்போனால், குழியின் நடுவில் தொங்கும் தடித்த வட்டு ஒருபக்கமாக நகர்ந்து வாயை மூடி, அடுத்த செல்லைக் காப்பாற்றும். மெதுவாகப் போனாலும் நின்றுபோகாத மாட்டுவண்டி என்று இதைச் சொல்லலாம்.

டிரக்கீடு தன் வேலையைத் தொடங்குவதே செத்த பிறகுதான். அது உருவாகிச் சில வாரங்களில் உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள் மறைந்து, சுவர் மட்டும் மிஞ்சுகிறது. அந்த வெற்றுச் சுவர் பல ஆண்டுகள் நீரைக் கடத்துகிறது, அதற்குப்பின் நீர் போகாத உள்மரமாகி மரத்தைத் தாங்குகிறது. கோடையின் தொடக்கத்தில் உருவாகும் டிரக்கீடுகள் மெல்லிய சுவரோடு வெளுத்தும், முடிவில் உருவாகுபவை தடித்த சுவரோடு கறுத்தும் இருக்கும். வயலின் பலகையில் கண்ட கோடுகள் இவையே. மலையின் உயரத்தில், கோடை குறுகிய இடத்தில் மெல்ல வளர்ந்த மரத்தில் வளையங்கள் நெருக்கமாகவும் சீராகவும் அமையும். எடை குறைந்தும் விறைப்பு மிகுந்தும் இருக்கும் அந்தப் பலகை ஒலியை நன்கு பரப்பும். கிரெமோனாவின் வயலின் ஆசான்களுக்கு வட இத்தாலியின் ஃபியெம்மே பள்ளத்தாக்கிலிருந்து ஸ்ப்ரூஸ் போனதாகச் சொல்வார்கள்; இன்றும் அங்கே இசைக்கருவிகளுக்கென்றே மரம் தேர்ந்தெடுத்து வெட்டுகிறார்கள்.

இலைகளிலும் இதே சேமிப்புப் புத்தி தெரிகிறது. டியூலிப்பின் இலை இரண்டு மூன்று மாதத்துக்கானது. மென்மையாக, அகலமாக, செலவு பாராமல் செய்யப்பட்டது. ஸ்ப்ரூஸின் ஊசியிலை தடித்த மெழுகுப் பூச்சோடு, சுற்றளவு குறைந்து, ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை கிளையிலேயே இருக்கும். குளிர் மிகுந்த இடங்களில் இன்னும் நெடுங்காலம். சத்துக் குறைந்த மண்ணில் ஆண்டுதோறும் இலையைப் புதிதாகச் செய்ய ஸ்ப்ரூசுக்கு வசதியில்லை. குளிர்காலத்தில் அந்த ஊசிகள் பச்சையாக இருந்தாலும் சமையல் நடப்பதில்லை. செல்லுக்குள்ளிருந்து நீர் வெளியேறி, செல்களுக்கு இடையேயுள்ள வெளியில் பனிக்கட்டியாகிறது. உள்ளே எஞ்சுவது உறையாத அடர்ந்த சர்க்கரைக் கரைசல். வேலை செய்யாத நாளில் மேலே விழும் வெயில் ஆற்றலை வெப்பமாக வெளியேற்றுவதற்கும் தனி நிறமிகள் இருக்கின்றன. கடையைத் திறந்து வைத்தபடியே வியாபாரத்தை நிறுத்திவிடுவது போல.

இனப்பெருக்கத்துக்கு வந்தால், பூவும் கூம்பும் என்ற வெளித்தோற்ற வேறுபாட்டைவிட ஆழமானது விதைக்குள் இருக்கும் உணவின் கதை. ஸ்ப்ரூஸ் மே மாத வாக்கில் காற்றில் மஞ்சள் புகையாக மகரந்தத்தை விடுகிறது. ஒவ்வொரு மகரந்தத் துகளுக்கும் இரண்டு காற்றுப்பைகள். அப்போது இளஞ்சிவப்பாக நிமிர்ந்து நிற்கும் பெண்கூம்பு, மகரந்தம் ஏற்ற பிறகு தலைகீழாகத் தொங்கத் தொடங்கி, இலையுதிர்காலத்துக்குள் ஒரு சாண் நீளம் வரை வளர்ந்து விதைகளை முற்றவைக்கிறது. அந்த விதைகள் செதில்களின் மேல் மூடிய சூற்பை எதுவும் இன்றி வெறுமையாகக் கிடக்கின்றன. ஊசியிலை மரங்களின் சூல் இவ்வாறு திறந்திருப்பதை 1820-களில் தெளிவாக எடுத்துக்காட்டியவர் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன்.

டியூலிப்பில் சூல்கள் முப்பட்டைச் சூற்பைக்குள் மூடப்பட்டிருக்கின்றன. மகரந்தம் சூல்முடியில் முளைத்து, குழாய்விட்டு உள்ளே இறங்க வேண்டும். அங்கே நிகழ்வதை முதலில் கண்டறிந்தது டியூலிப்பின் நெருங்கிய உறவான குமிழச் செடிகளில்தான். 1898-இல் ரஷ்யத் தாவரவியலாளர் செர்கேய் நவாஷின், லில்லி, ஃபிரிட்டிலேரியா ஆகியவற்றின் சூல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, மகரந்தக் குழாய் கொண்டுவரும் இரண்டு ஆண்செல்களில் ஒன்று முட்டையோடும் மற்றொன்று நடுச்செல்லின் உட்கருக்களோடும் சேர்வதைக் கண்டார். இரட்டைக் கருவுறுதல் என்று நாம் படிப்பது இதுவே. இரண்டாவது சேர்க்கையிலிருந்து கருவூண் திசு உண்டாகிறது. கருவுறுதல் நடந்த பிறகே கருவுக்கான சாப்பாடும் உருவாகிறது. ஸ்ப்ரூசிலோ, கருவுக்கு ஊட்டப்போகும் திசு கருவுறுதலுக்கு முன்பே வளர்ந்துவிடுகிறது. மகரந்தம் வராவிட்டால் அந்தச் செலவு வீண். விருந்தாளி வாசலுக்கு வந்த பிறகு உலை வைக்கும் வீடு டியூலிப். வருவாரா என்று தெரியாமலே பந்தியைத் தயாராக்கும் வீடு ஸ்ப்ரூஸ். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கூம்புகளை அள்ளிச் சொரிந்து, இடைப்பட்ட ஆண்டுகளில் சும்மா இருந்துவிடுவது இந்த இழப்பைக் குறைக்கும் வழிகளில் ஒன்றாக இருக்கலாம். காற்றில் மகரந்தம் அடர்ந்திருந்தால் வீணாகும் சூல்கள் குறையும், விதை தின்னும் பறவைகளும் அணில்களும் தின்று தீர்க்க முடியாமல் திணறும்.

இத்தனை வேறுபட்ட இரண்டும் எதிர்பாராத ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன. தோட்ட டியூலிப்பின் செல்லில் வழக்கமாக 24 குரோமோசோம்கள். நார்வே ஸ்ப்ரூசின் செல்லிலும் 24. எண்ணிக்கை ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனால் அந்தக் குரோமோசோம்களின் பருமன் இரண்டிலும் மிகப் பெரியது. மனித மரபணுத்தொகையில் சுமார் 300 கோடி எழுத்துகள் என்றால், ஸ்ப்ரூசில் சுமார் 2,000 கோடி. ஊசியிலை மரங்களில் முதன்முதலாக அதன் மரபணுத்தொகையே 2013-இல் வாசித்து வெளியிடப்பட்டது. டியூலிப்பில் 3,000 கோடிக்கும் மேல். தொட்டியில் வளரும் செடிக்குக் காட்டு மரத்தைவிடப் பெரிய ஏடு. ஸ்ப்ரூசில் பயன்படும் மரபணுக்களின் எண்ணிக்கை ஒரு சாதாரணக் களைச்செடியில் உள்ள அளவுதான், 28,000 என்னும் அளவில். மீதியில் பெரும்பகுதி தன்னைத்தானே படியெடுத்து அங்கங்கே நுழைந்துகொண்ட தாவும் கூறுகளும் அவற்றின் சிதைவுகளும். உடலை ஆண்டுதோறும் தின்று தீர்க்கும் டியூலிப், மரபணு விஷயத்தில் மட்டும் பழைய சாமான் எதையும் வெளியே போடாத வீடாக இருப்பது எனக்கு இந்த ஒப்பீட்டில் மிகவும் பிடித்த முரண்.

மனிதர் கையில் இவ்விரண்டும் சந்தித்துக்கொண்ட இடம் 17-ஆம் நூற்றாண்டு ஹாலந்து. ஒட்டோமான் தோட்டங்களிலிருந்து வியன்னா வழியாக வந்த டியூலிப்பை, 1593-இல் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தின் பொறுப்பேற்ற தாவரவியலாளர் கரோலஸ் க்ளூசியஸ் அங்கே நட்டார். நாற்பது ஆண்டுகளில் அது ஊக வணிகப் பொருளாயிற்று. குமிழத்தைத் தோண்டி எடுத்துக் கைமாற்ற இயல்வது கோடையில் மட்டும். மற்ற மாதங்களில் அது மண்ணுக்குள் இருக்கும். எனவே மற்ற மாதங்களில் நடந்தது காகிதத்தில் எழுதிய வாக்குறுதிகளின் விற்பனை. அதைக் காற்று வணிகம் என்றே டச்சுக்காரர் அழைத்தனர். மண்ணுக்குள் எடை கூடும் பொருள் என்பதால், கிராமில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான ஆஸ் என்னும் பொற்கொல்லர் எடையில் விலை பேசினார்கள். 1637 பிப்ரவரித் தொடக்கத்தில் ஹார்லெம் நகரில் வாங்க ஆள் வராமல் விலை சரிந்தது. நாடே திவாலாயிற்று என்று பிற்காலத்தில் பரவிய கதை மிகைக்கூற்று. அடிபட்டவர்கள் வசதியுள்ள ஒரு வட்டத்தினர்.

அவ்வணிகர்கள் வாழ்ந்த வீடுகளுக்கு அடியில் இருந்தது ஸ்காண்டிநேவியாவின் ஊசியிலைக் காடு. ஆம்ஸ்டர்டாம் சதுப்பில் கட்டிய நகரம். நார்வேயிலிருந்தும் பால்டிக் கரையிலிருந்தும் வந்த ஸ்ப்ரூஸ், பைன் மரங்களைத் தலைகீழாக அடித்து இறக்கி, அடியிலுள்ள மணற்படுகையைத் தொட்ட பிறகே மேலே சுவர் எழுப்பினார்கள். 1648-இல் தொடங்கிய நகரமன்றம், இன்றைய அரண்மனை, 13,659 மரத்தூண்களின் மேல் நிற்பதாக அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம். நிலத்தடி நீருக்குள் ஆக்சிஜன் எட்டாதவரை அம்மரத்தைப் பூஞ்சை தொடாது. நீர்மட்டம் இறங்கித் தூணின் தலை காற்றில் பட்டால் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். செத்த டிரக்கீடின் சுவர் 350 ஆண்டுகளுக்குப் பின்னும் சுமை தாங்குகிறது. அந்த நகரத்தில் கைமாறிய எந்தக் குமிழமும் அந்த ஆண்டைத் தாண்டியிருக்காது. தாண்டியது அதன் பிள்ளைகள்தான்.

அந்தப் பிள்ளைகளுக்கு வந்த கேட்டையும் சொல்ல வேண்டும். அதிக விலைபோனவை, வெண்மையில் தீநாக்கு போலச் சிவப்பு ஓடிய பூக்கள். இன்ன குமிழம் அப்படி மாறும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அப்படி நிறம் உடைந்த செடிகள் ஆண்டுக்காண்டு நலிவதை க்ளூசியசே கவனித்திருந்தார். 1928-இல் இங்கிலாந்தில் டோரதி கேய்லி, உடைந்த நிறமுள்ள குமிழத்தின் திசுவை நல்ல குமிழத்தில் ஒட்டிப் பார்த்து, இது தொற்று என்று காட்டினார். அசுவினிகள் பரப்பும் வைரஸ் அது. இதழின் நிறமியை ஆங்காங்கே தடுத்துவிடுவதால் அடியிலுள்ள வெண்மையோ மஞ்சளோ வெளிப்படுகிறது. சேய்க்குமிழம் தாயின் நேர்ப்படி என்பதால் நோயும் சொத்தோடு சேர்ந்து இறங்கும். அன்று உச்சவிலை கண்ட செம்பெர் அகஸ்டஸ் என்னும் டியூலிப் வகை இன்று ஓவியங்களில் மட்டும் இருக்கிறது.

ஸ்ப்ரூசுக்கு வந்த கேடு வேறு வகை. இரண்டு நூற்றாண்டுகளாக ஜெர்மனியில் அதன் இயல்பான குளிர்மலை எல்லைக்கு வெளியே, தாழ்நிலத்திலும் வரிசை வரிசையாக அதையே நட்டார்கள். வேகமாக வளரும், நேராக வளரும், விற்கும். நெல் அரிசி நீளமுள்ள பட்டைத் துளைப்பான் வண்டு ஒன்று அதன் பட்டைக்கு அடியில் தாய்ச்சுரங்கமும் இருபுறமும் கிளைச்சுரங்கங்களும் குடைவது அச்செழுத்து வரிகள் போல இருப்பதால், ஜெர்மானியர் அதை ‘புத்தக அச்சடிப்பான்’ என்பர். நலமான மரம் துளைக்கும் வண்டைப் பிசினில் மூழ்கடித்துவிடும். பிசினைப் பீய்ச்ச மரத்துக்குள் நீரழுத்தம் வேண்டும். 2018-இல் தொடங்கிய தொடர் வறட்சியில் அது இல்லாமற்போக, வெப்பத்தால் வண்டுகள் ஓராண்டில் கூடுதல் தலைமுறை கண்டன. 2018 முதல் 2021 தொடக்கம் வரை ஜெர்மனியில் சுமார் 5 லட்சம் ஹெக்டேர் காடு அழிந்தது, அதில் பெரும்பகுதி ஊசியிலைக் காடு. வறட்சி வந்தால் மண்ணுக்குள் போய்விட டியூலிப்புக்கு இருக்கும் வழி, நூறாண்டுச் சொத்தை வெளியே நிறுத்தி வைத்திருக்கும் மரத்துக்கு இல்லை.

ஆயினும் நெடுங்கால வாழ்வில் இரண்டும் ஒரே உபாயத்துக்கு வந்துசேர்கின்றன. ஸ்வீடனின் டாலர்னா பகுதியில் ஃபுலுஃபியல் மலைமேல், லீஃப் குல்மன் என்னும் ஆய்வாளர் 2004-இல் கண்ட ஸ்ப்ரூஸ் ஒன்று ஐந்து மீட்டர்தான் உயரம். தம் நாயின் பெயரால் அதற்கு ஷிக்கோக் கிழவன் என்று அவர் பெயரிட்டார். அதன் அடியில் கிடைத்த பழைய மரத்துண்டுகளின் வயது கார்பன் கணக்கில் சுமார் 9,550 ஆண்டுகள். இன்று நிற்கும் தண்டின் வயது சில நூற்றாண்டுகளைத் தாண்டாது. பனியின் பாரத்தில் மண்ணைத் தொடும் கீழ்க்கிளை வேர்விட்டுப் புதுத்தண்டு எழுப்புவதும், தண்டு பட்டுப்போனால் அடியிலிருந்து வேறொன்று எழுவதுமாக அது நீடித்து வந்திருக்கிறது என்பது குல்மனின் விளக்கம். பல ஆயிரம் ஆண்டுகள் அது தரையோடு படர்ந்த புதராகவே இருந்து, இருபதாம் நூற்றாண்டின் வெப்பத்தில்தான் நிமிர்ந்தது என்பார் அவர். சேர்த்து வைக்கும் மரமும், மிக நெடுங்காலம் இருக்க வேண்டுமானால், சேர்த்ததைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

வட ஹாலந்தின் லிம்மன் என்னும் ஊரில் பழைய குமிழ வகைகளைக் காத்துவரும் ஹோர்ட்டஸ் புல்போரம் தோட்டத்தில், 1595 என்று ஆண்டு குறிக்கப்பட்ட டுக் ஃபான் தோல் என்னும் டியூலிப் இன்றும் பூக்கிறது. சிவப்பில் மஞ்சள் விளிம்பிட்ட சிறு பூ, செடியும் குட்டையானது. ஒவ்வொரு கோடையிலும் அதைத் தோண்டியெடுத்து, மண் உதிர்த்து, சக்கையான தாயுறையைக் கழித்து, சேய்க்குமிழங்களைத் தட்டில் பரப்பி, அதே பெயர்ச்சீட்டை அதன்மேல் வைத்து, இலையுதிர்காலம் வரை உலர்ந்த கொட்டகையில் வைத்திருக்கிறார்கள்.